வேணா என்று ஒரு பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சேர்ந்தேன். இதை வேலை என்று சொல்வது அதிகம். பெங்களூர் கம்பெனியில் ஜூனில்தான் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை குமாரபாளையத்தில் இருந்தால் அப்பா என்னைத் தறிப்பட்டறையில் உட்கார வைத்துவிடுவார். அதற்குப் பயந்துதான் சென்னையில் காசிமேட்டுப் பக்கம் இந்தச் சிறப்புக் குழந்தைகள் மையத்துக்குக் கருவிகள் செய்துகொடுக்க வந்தேன். மையம் என்பது ஹவுசிங் போர்டு குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு அறை. நடத்துபவர் ஹசீனா மேடம். எலெக்ட்ரானிக்ஸில் நான் வாங்கிய பதக்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த ஃபேன் சத்தம் போடுது. கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றார்.

பார்த்தேன். பேரிங் போயிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒரு குழந்தைக்கானது. பெயர் தன்ஷிகா, வயது எட்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளை முடக்குவாதம். நடக்க வராது, பேச வராது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். வலது கையை முஷ்டியாக, நினைத்த இடத்துக்குக் கொண்டுபோவாள், நேரம் பிடிக்கும். கண் மட்டும் யாருக்கும் காத்திருப்பதில்லை.

அம்மா அமுலு, இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்கிறவர். விடியுமுன் போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்து, மகளை மூன்றாவது மாடியிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு மையத்துக்கு இறங்குகிறார். இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அப்பா ஏழுமலை விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் வாரக் கணக்கு.

விஷயம் இதுதான். தன்ஷிகாவை ஜூனில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மே கடைசியில் கல்வித்துறைக் குழு ஒன்று வந்து பார்க்கும். சொல்வது புரிகிறது, தானாகப் பதில் சொல்கிறாள் என்று அவர்களுக்குப் பட்டால் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்து போவார், அவ்வளவுதான். போன வருடம் வந்தவர்கள், 'பதில்களை எல்லாம் தாயே சொல்கிறார்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்களாம்.

"அவளுக்கு எல்லாம் புரியும் சார்," என்றார் அமுலு. "நான் சொன்னா புளுகுறேன்றாங்க."

"அம்மா சொல்றதெல்லாம் சாட்சி ஆகாதுங்க. அவளே சொல்லணும்."

ஹசீனா மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். உண்மையைத்தானே சொன்னேன்.

பேசும் பெட்டி ஒன்று செய்யப் போகிறேன். இரண்டு வாரம் போதும்.

மார்ச் 19, புதன்

பெட்டி தயார். ஒன்பது பெரிய பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். முஷ்டியால் அழுத்தினால் போதும், ஒரு வாக்கியம் பேசும். கை நடுங்கி ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடக் கூடாது என்பதால், ஒரு முறை அழுத்தியதும் பெட்டி சில நொடிகள் எதையும் கேட்காதபடி வைத்திருக்கிறேன். குரலை ஒரு மென்பொருளில் இருந்து எடுத்தேன். தெளிவான, பிழையில்லாத உச்சரிப்பு.

தன்ஷிகா தட்டினாள். "எனக்குத் தாகமாக இருக்கிறது. தண்ணீர் வேண்டும்" என்றது பெட்டி. அறையில் இருந்த எல்லா அம்மாக்களும் கை தட்டினார்கள். அமுலு மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு சார் பேசறது?"

"யாரும் இல்லைங்க. கம்ப்யூட்டர்."

"ஓ," என்றார்.

மார்ச் 27, வியாழன்

மூன்றாவது மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன். பெட்டி டிவிக்குப் பக்கத்தில், மேலே ஒரு துண்டு போர்த்தி, பத்திரமாக இருந்தது. அதைப் பத்திரமாக வைக்கவா செய்தேன்? எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கையை இழுத்துக்கொண்டாள். நான் அவள் முஷ்டியைப் பிடித்து அழுத்தினேன். "நான் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்" என்றது.

வாசலில் பிள்ளைகள் கூட்டம். அதில் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் ரெண்டு, தன்ஷிகா எக்ஸ்பிரஸ், இன்னும் சற்று நேரத்தில் கழிப்பறைக்கு வந்து சேரும்."

எல்லாரும் சிரித்தார்கள். தன்ஷிகாவும்தான் சிரித்தாள், நன்றாகவே. அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"போங்கடா, கழுதைங்களா," என்று அமுலு விரட்டினார். மறுபடி துண்டை எடுத்துப் போர்த்தினார்.

பயிற்சி போதவில்லை. கொடுத்தால் சரியாகும்.

ஏப்ரல் 2, புதன்

பயிற்சி கொடுத்தேன். என் சட்டை மேல் துப்பினாள். குறி தப்பவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கருவியைச் செய்தவன் அதைத் தானே பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். நான் அதைச் செய்யவில்லை. இன்று செய்தேன். காலையில் மெஸ்ஸில் பெட்டி பேசுகிற தமிழிலேயே கேட்டேன். "எனக்குப் பசிக்கிறது. இரண்டு இட்லி வேண்டும்."

பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்றுவிட்டார். "இன்னா சார், நாடகத்துல கீடகத்துல நடிக்கிறியா?"

பக்கத்து மேசையில் இருந்தவர், "அமைச்சரே, இவருக்குச் சட்னியும் வழங்குங்கள்," என்றார். மெஸ்ஸே சிரித்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. சாம்பார் வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

அவள் ஏன் கையை இழுத்துக்கொண்டாள் என்பது புரிந்துவிட்டது. எட்டு வருடம் வாய் திறக்காத பெண்ணுக்கு முதல்முதலாக வாய் வைத்துக் கொடுத்தேன். அது ரயில்வே ஸ்டேஷன் வாய்.

ஏப்ரல் 9, புதன்

மாலையில் அமுலு வீட்டுக்குப் போனேன். "உங்க வீட்டுப் பேச்சுல சொல்லுங்க, மாத்திடறேன். தண்ணி, பசி, ஒண்ணுக்கு..."

"அதெல்லாம் எதுக்கு சார்? அவ மூஞ்சப் பாத்தாலே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதத வைங்க."

"உங்களுக்குத் தெரியாததுன்னா எது?"

"தெரிஞ்சா உங்களாண்ட ஏன் கேக்கப் போறேன்?"

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். ஒன்றைச் சொல்வார், தன்ஷிகா முகத்தைப் பார்ப்பார், அவள் கண் விரிந்தால் வைத்துக்கொண்டோம். அம்மா. அப்பா எங்க. சரி. ஏன். காட்டு. போலாம். இன்னொரு தபா. 'சும்மா இரு' என்றதும் பாயில் படுத்திருந்தவள் உடம்பு முழுக்க உதைத்துச் சிரித்தாள்.

ஒன்பதாவதுக்கு 'வேணா' என்று வைக்கச் சொன்னேன்.

"அது மட்டும் வேணா சார்."

"பாருங்க, உங்களுக்கே அது தேவைப்படுது."

அவர் சிரிக்கவில்லை. "காலுக்குப் பெல்ட்டு போடறதுக்குள்ள என் உசுரு போவுது. மாத்திரய துப்புறா. கைய முறுக்கிக்கினு கத்துறா. இதுல பொத்தான் வேற குடுத்தீங்கன்னா, நான் எப்டி சமாளிப்பேன்? மத்தியானம் வரைக்கும் இறால் உரிச்ச கை சார் இது." காட்டினார். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது.

"வேணான்னு சொல்ல வழியில்லாதவ சரின்னு சொன்னா, அதுக்கு என்னங்க மதிப்பு?" என்றேன்.

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். போதுமான சத்தத்தோடு. நான் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வைங்க. ஆனா எட்டாத ஓரத்துல வைங்க."

ஏப்ரல் 16, புதன்

குரலுக்கு அமுலுவையே பேசச் சொன்னேன். முதலில் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிப்பது போலப் பேசினார். "இப்படி வேண்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட பேசற மாதிரி பேசுங்க."

"அது வேற மாரி இருக்கும். பரவால்லியா?"

'அம்மா' என்ற சொல்லுக்கு மட்டும் பல முறை எடுக்க வேண்டியிருந்தது. "என்னையே நான் கூப்புடணுமா?" என்று ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டார்.

ஆனால் பெட்டி அமுலு குரலில் பேசினால், குழு போன வருடம் எழுதியதையே மறுபடி எழுதும். அதனால் கணினியில் குரலின் ஸ்தாயியை உயர்த்தி, கொஞ்சம் வேகம் கூட்டிச் சிறுமியின் குரலாக்கினேன். சின்ன வேலை. மூன்றாவது மாடியிலேயே உட்கார்ந்து முடித்துப் பெட்டியில் ஏற்றினேன்.

தன்ஷிகா 'அப்பா எங்க' என்பதை அழுத்தினாள்.

மீன்பிடித் தடைக்காலம் நேற்று ஆரம்பித்துவிட்டது, ஏழுமலை ஊரில்தான் இருக்கிறார். அந்த நேரம் படியேறி வந்துகொண்டிருந்தார். "தோ, வந்துட்டேன்," என்று படியிலிருந்தே குரல் கொடுத்தார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "யாரு பாப்பா வந்துக்கீது?"

தன்ஷிகா மறுபடி அழுத்தினாள். அப்பா எங்க. அமுலுவின் குரல்தான், ஆனால் எட்டு வயதுக் குரல். ஏழுமலை செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அமுலு பக்கெட்டை எடுத்துக்கொண்டு, துணி காயப்போட வேண்டும் என்று வெளியே போனார். பக்கெட்டில் துணி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்பீக்கரில் லேசாக இரைச்சல். ஒரு கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

எதிர்வீட்டு அம்மாள் தினமும் வந்து தன்ஷிகாவின் தலையைத் தடவி, "பாவம், போன ஜென்மத்துல இன்னா பண்ணிச்சோ," என்பாராம். இன்று அவரைப் பார்த்து 'சும்மா இரு' அழுத்தியிருக்கிறாள். இனிமேல் வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். அமுலு இதைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் 'வேணா' விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. ஓரத்தில் வைத்தும் பயனில்லை. உடம்பையே சாய்த்துப் போய் அழுத்துகிறாள். பெல்ட் வேணா, மாத்திரை வேணா, குளிக்க வேணா, கஞ்சி வேணா.

"உங்க பெட்டியத் தூக்கிக் கடல்ல போடப் போறேன் தம்பி."

எப்போது சாரிலிருந்து தம்பிக்கு வந்தார் என்று கவனிக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இன்று பார்த்ததை எழுத வேண்டும்.

அமுலு ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், புடவையில் இறால் வாடை போகவில்லை. காலுக்குப் பெல்ட் போடும் நேரம். தன்ஷிகா, "வேணா" என்றாள். நானாக இருந்தால் பிடித்துப் போட்டிருப்பேன். பெல்ட் போடாவிட்டால் கால் இன்னும் மடங்கிப்போகும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

அமுலு பெல்ட்டைக் கீழே வைத்தார். "சரி, வேணா. எப்ப போட்டுக்கற? டிவி பாத்துட்டா?"

பதில் இல்லை.

"கஞ்சி குடிச்சிட்டா?"

காத்திருந்தார். அடுப்பில் ஏதோ கொதித்தது, கீழே லாரி ஹாரன் அடித்தது, பக்கத்து வீட்டில் அவரை யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. அந்த முஷ்டி எழும்பி, தடுமாறி, திசை மாறி, மறுபடி வந்து அழுத்தும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி."

கஞ்சி குடித்துவிட்டு அவளாகவே காலை நீட்டினாள். நீட்ட முடிந்த அளவு.

'வேணா'வை வைக்கச் சொல்லி வாதாடியவன் நான். அது வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்று பயந்தவர்தான் அதற்கு மரியாதை கொடுத்தார். இந்த மாதிரி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

மே 6, செவ்வாய்

சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிப் பெங்களூருக்கு மெயில் போட்டேன். காரணம்: சொந்த வேலை.

மே 14, புதன்

ஹசீனா மேடம் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டு வந்தார். குழு சரியென்றாலும், தினமும் முழு நேரமும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சேர்த்துக்கொள்வாராம். மோசமானவர் இல்லை, பயப்படுகிறார், விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது என்கிறார், என்றார் மேடம்.

"உக்கார்றேன்," என்றார் அமுலு உடனே.

"ஷெட்டு?" என்றார் ஏழுமலை. "ஒரு நாள் லேட்டா போனாலே வேற ஆள வெச்சுக்குவான்."

"வெச்சுக்கட்டும்."

"நான் கடல்ல இருக்கறப்ப ஊட்டுக்கு இன்னா பண்ணுவ?"

"பாத்துக்கலாம் விடுய்யா. இவளத் தூக்கினு எட்டு வருசம் ஓட்டிட்டேன். இதயும் ஓட்டுவேன்."

தன்ஷிகா பாயில் படுத்தபடி யார் பேசுகிறார்களோ அவர்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி அலமாரி மேல் சார்ஜில் இருந்தது.

மே 28, புதன்

குழு மையத்துக்கு வந்தது. தலைமை ஆசிரியர், ஒரு டாக்டர், கேள்வி கேட்பதற்கு ஓர் அலுவலர் அம்மா. அந்த அம்மா முதல் வேலையாக அமுலுவைக் கதவோரம் தள்ளி உட்கார வைத்தார். "நீங்க கையால, கண்ணால எதுவும் காட்டக் கூடாதும்மா." அமுலு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அலுவலர் அம்மா ஒரு பூனைப் படத்தைக் காட்டினார். "இது மாடுதானே?"

முஷ்டி எழுந்தது. எங்களுக்குப் பழகிப்போன நேரம்தான், அவர்களுக்கு அது யுகம். தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பொத்தான் அழுந்தியது.

"சும்மா இரு."

டாக்டர் சிரித்துவிட்டார். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. "ஏதோ ஒண்ணு கையில பட்டிருக்கும்," என்றார். நியாயமான சந்தேகம். என் கருவியாக இல்லாவிட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அலுவலர் அம்மா ஒரு சின்னக் கதை சொன்னார். இன்னொரு தபா, என்றாள் தன்ஷிகா. அவர் மறுபடி சொன்னார், வேண்டுமென்றே முடிவை மாற்றி. "ஏன்" என்றது பெட்டி. அவர் பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

"புரியுது, ஒத்துக்கறேன்," என்றார் தலைமை ஆசிரியர். "ஆனா அம்மா கூடவே உக்காரணும். தினமும். சம்மதம்தானேம்மா?"

"சம்மதம் சார்."

அலுவலர் அம்மா குனிந்தார். "தன்ஷிகா, நீ சொல்லு. ஸ்கூலுக்குப் போலாமா?"

அவள் 'போலாம்' பக்கம் போகவில்லை. "அம்மா" என்று அழுத்தினாள்.

"பாருங்க, அம்மாவத் தேடுது," என்றார் தலைமை ஆசிரியர்.

முஷ்டி மறுபடி எழுந்தது. எதிர் ஓரத்துக்குப் போய், பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நடுங்கியது. களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு முறை அழுத்தினால் சில நொடி பெட்டி கேட்காது. நான் வைத்த தடை. அவள் களைக்கவில்லை. என் பெட்டி தயாராகட்டும் என்று, வலிக்கிற கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வேணா."

அமுலுவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஸ்கூல் வேணாவா கண்ணு? அம்மாகிட்டயே இருக்கணுமா?" என்று அலுவலர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"சும்மா இரு."

அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. ஹசீனா மேடம் துடைக்கக் கையை நீட்டிவிட்டு, நிறுத்திக்கொண்டார்.

"அம்மா."

காத்திருந்தாள்.

"வேணா."

காத்திருந்தாள்.

"போலாம்."

சொற்களைச் சேர்த்துச் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பெட்டியே அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

அமுலு எழுந்துவிட்டார். "நான் வேணான்றா மேடம். நான் வந்து குந்த வேணாவாம். அவளே போறாளாம்..."

"தெரியுதும்மா," என்றார் அலுவலர் அம்மா. "அவதான் சொல்லிட்டாளே."

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதியம் ஒருமுறை மையத்திலிருந்து ஆள் வந்து கழிப்பறைக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டார். நானே வருகிறேன் என்றார் ஹசீனா மேடம். அப்படியானால் பெல்ட் வைத்த நாற்காலி ஒன்று வேண்டும், விழக் கூடாது, என்றார் தலைமை ஆசிரியர். அது என் வேலை என்றேன்.

அமுலு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "எட்டு வருசம் தூக்கினேன். என்னியவே வேணான்ற. எவ்ளோ கொழுப்பு பாத்தீங்களா தம்பி இவளுக்கு?" அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய் இதையே சொன்னார். டாக்டரிடம் இரண்டு முறை.

பெட்டியின் காத்திருப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அவள் நடுக்கத்தை அளந்து வைத்த அளவு அது. பொறுமையை அளக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. நாற்காலியைக் காலையிலேயே கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் வைத்து, திருகாணிகளை மறுபடி முடுக்கினேன். அமுலு ஷெட்டுக்கு இன்று ஒரு நாள் மட்டும் லீவு சொல்லியிருந்தார். மகளைத் தூக்கி வந்து உட்கார வைத்தார், பெல்ட்டைப் போட்டார், பெட்டியை முன்னால் வைத்தார். தன்ஷிகா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தோம். ஆயா கேட்டைச் சாத்தினார். அமுலு கொஞ்ச தூரம் நடந்து, நின்றுவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றார்.

"என்னாச்சுங்கக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. இடுப்புல ஒண்ணும் இல்லாம ரோட்ல நடக்க ஒரு மாரிக்கீது."

"வீட்டுக்குப் போய்ப் படுங்க. மூணு மணிக்குத்தான் விடுவாங்க."

"படுக்கறதா?" ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். பஸ் ஒன்று வந்து நின்றது. எந்த எண் என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. "சும்மா போய்ட்டு வரட்டா?"

"எங்கீங்க?"

"தெரியல. மூணு மணிக்குள்ள வந்துருவேன்."

ஏறினார். உள்ளே நிறைய இருக்கை காலியாக இருந்தது. உட்காரவில்லை. மேலே இருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றபடி போனார்.